பத்தாங்காலி செம்பனைத் தோட்ட முகாம்: குதிரைக்கு ஒத்துவருமா?

கோலாலம்பூரிலிருந்து குதிரையை லோரியில் ஏற்றிக்கொண்டு போய் இரண்டு இரவு தங்கிவர இடம் தேடினால் அதிகம் அகப்படாது. பத்தாங்காலி பட்டணத்தைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்தின் ஓரமாக இருக்கும் இந்த முகாம் அப்படிப்பட்ட சிலவற்றில் ஒன்று. இரவுக்குக் குதிரை ஒன்றுக்கு 40 வெள்ளி, கூடாரத்துக்கு 30 வெள்ளி. தண்ணீரும் தரையும் அருமை. ஈத்தொல்லை மோசம், அதற்குக் காரணம் பக்கத்து மாடுகள்.

பத்தாங்காலி என்றாலே 2022 டிசம்பர் 16 அதிகாலை நினைவுக்கு வராமல் போகாது. மலைச்சரிவு முகாம் ஒன்றில் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். முகாம் நடத்த அந்த இடத்துக்கு உரிமமே இல்லை. ஆகவே குதிரைக் கொட்டகையைப் பார்ப்பதற்கு முன்னால் மேட்டைப் பாருங்கள். இங்கே கூடாரத் திடல் சமதரையில், மேலே வெட்டிய சரிவு எதுவும் இல்லாத பக்கத்தில் இருக்கிறது. உலு சிலாங்கூர் நகராண்மைக் கழக உரிமத்தைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள். வேறெங்கே போனாலும் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். "விண்ணப்பம் போட்டிருக்கிறோம்" என்று பதில் வந்தால் லோரியைத் திருப்பிவிடலாம்.

பாதை செம்மண். தோட்டத்துச் சாலை எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு: குலை ஏற்றும் லோரி அந்த வழியாகத்தான் போகிறதா என்று கேட்டால் போதும். அது போகிற பாலத்தில் குதிரை லோரியும் போகும். இங்கே கடைசிப் பாலம் வரை குலை லோரி வருகிறது. அதற்கப்புறம் 300 மீட்டர் மழைக்குப் பின் சறுக்கும். மேற்குக் கரையில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும் என்பதால் பகல் 2 மணிக்கு முன்பே உள்ளே போய்விடுவது நல்லது. இரவு 7 மணிக்குக் காவலுக்கு இருக்கும் ஜாகா கேட்டைப் பூட்டிவிடுவார். இறக்குவதற்கு மண்மேடு கட்டியிருக்கிறார்கள்; லோரியின் பின்புறத்தை அதில் ஒட்டி நிறுத்தினால் சாய்பலகை 20 பாகைக்குள் அடங்கும். அதைவிடச் செங்குத்தானால் குதிரை இறங்காமல் குதிக்கும், முன்னங்கால் போகும்.

தண்ணீர் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து, மேல்தொட்டி வழியாக வருகிறது. சும்மா நிற்கிற குதிரையே நம் வெயிலில் நாளுக்கு 25 முதல் 40 லிட்டர் குடிக்கும். சவாரி முடிந்தால் அதற்கும் மேல். பொதுத் தொட்டியில் மட்டும் குடிக்க விடாதீர்கள். மூக்கில் சளி ஒழுகித் தொண்டை வீங்கும் தொற்று பொதுத் தொட்டி வழியாகவும் பரவுவதால் சொந்த வாளி வேண்டும். தோட்டத்துக் கால்வாய்த் தண்ணீர் அறவே கூடாது: களைக்கொல்லி, உரம், எலிச் சிறுநீர் எல்லாம் அதில்தான் சேர்கின்றன. தீவனத்தில் நாளுக்கு 30 கிராம் உப்பு கலந்து கொடுங்கள். ஈரப்பதம் மிகுந்த நாடுகளில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும். சவாரிக்குப் பிறகு மற்றக் குதிரைகள் நனைந்திருக்க, ஒன்று மட்டும் காய்ந்த தோலோடு வேகமாக மூச்சிரைத்தால் அதில் அன்றைக்கு மறுபடி ஏறாதீர்கள். நிழலில் நிறுத்தி உடல் முழுக்கத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள்.

குதிரைகளுக்கு 3.6 மீட்டருக்கு 3.6 மீட்டர் அளவில் நான்கு அறைகள்தான் உண்டு. அவை நிரம்பிவிட்டால் மரத்துக்கு மரம் கயிறு கட்டித்தான் நிறுத்த வேண்டும். கயிறு 2.2 மீட்டர் உயரத்தில் விறைப்பாக இருக்கட்டும். குதிரைக்குக் குதிரை 3 மீட்டர் இடைவெளி விடுங்கள். இழுத்ததும் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். மரத்தைச் சுற்றக் கயிறு வேண்டாம், 5 சென்டிமீட்டர் அகலப் பட்டை நல்லது. ஓரத்தில் நிற்கும் பழைய பால்மரங்களைத் தொடவே வேண்டாம், காற்றுக்கு முறிகிற மரம் அது.

இனி மாடு. களையைத் தின்னட்டும் என்று செம்பனைக்கு அடியில் மாடு விடுவது நம் தோட்டங்களில் வழக்கம். தோட்டத்துக்கு அது லாபம்தான். குதிரைக்கு வில்லங்கம் அங்கேதான் தொடங்குகிறது. சுர்ரா என்ற நோயின் கிருமி மாட்டின் ரத்தத்தில் வெளியே தெரியாமல் இருக்கும். மாடு கொழுகொழுவென்று மேய்ந்துகொண்டிருக்கும். பகலில் கடிக்கும் பெரிய ஈ மாட்டைக் கடிக்க, மாடு வாலால் விரட்ட, ஈ வாயில் ஒட்டிய ஈர ரத்தத்தோடு பக்கத்துக் குதிரையில் வந்து உட்காரும். வேலை முடிந்தது. அந்த ரத்தத்தில் கிருமி கொஞ்ச நேரமே உயிரோடிருக்கும் என்பதால் இடைவெளிதான் மருந்து. 200 மீட்டர் தள்ளியிருந்தால் ஈ பெரும்பாலும் பக்கத்து மாட்டுக்கே திரும்பிவிடும். இந்த முகாமின் மேற்கு வேலியோ மாடு மேயும் தோட்டத் துண்டை ஒட்டி இருக்கிறது. அந்தப் பக்கத்து இரண்டு அறைகளுக்கும் மாட்டுக்கும் நடுவே 40 மீட்டர்கூட இல்லை. கிழக்குப் பக்கத்து இரண்டு அறைகளைக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் தேதியை மாற்றுங்கள். திரும்பிய பிறகு இரண்டு வாரத்துக்குக் காலையும் மாலையும் காய்ச்சல் பாருங்கள். 38.5 பாகைக்கு மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாலோ கால், வயிற்றின் அடிப்பகுதி வீங்கினாலோ ரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். சிகிச்சை தள்ளிப்போனால் குதிரை பிழைப்பது அரிது.

இரவில் வேறு பூச்சி. ஆப்பிரிக்கக் குதிரை நோய் 2020-இல் தாய்லாந்தில் வெடித்து அதே ஆண்டில் நம் நாட்டிலும் எட்டிப் பார்த்தது. அதைப் பரப்பும், கொசுவைவிடச் சிறிய கடிபூச்சி சாதாரணக் கொசுவலைக் கண்ணுக்குள்ளேயே நுழைந்துவிடும். பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை கடிக்கும். முகாம் தரும் வலை போதாது. நெருக்கமான கண் உள்ள வலையும் ஓர் மின்விசிறியும் கொண்டுபோங்கள். காற்றடிக்கும் இடத்தில் அந்தப் பூச்சியால் பறக்க முடியாது.

முகாமில் விற்கும் நேப்பியர் புல் பசுமையாகத்தான் இருக்கிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால் 400 கிலோ குதிரைக்கு நாளுக்கு 30 கிலோவுக்கு மேல் தேவைப்படும். பழக்கமில்லாத குதிரைக்குத் திடீரென்று கொடுத்தால் வயிற்றுவலி வரும், குவித்து வைத்துச் சூடேறிய புல்லென்றால் கேட்கவே வேண்டாம். வீட்டிலிருந்தே உலர்புல் கொண்டுபோய்விடுங்கள்.

நுழைவாயில் கோயிலைச் சுற்றி அரளி நட்டிருக்கிறார்கள். சாமிக்குப் பூ, குதிரைக்கு ஒரு கைப்பிடி இலை எமன். காய்ந்த இலையிலும் விஷம் குறைவதில்லை. அதனால் குதிரையை அந்த வழியாக நடத்திப் போகும்போது கயிற்றைக் குறுக்கிப் பிடியுங்கள். செம்பனை அடியில் எலிமருந்து மெழுகுக் கட்டிகள் கிடக்கும்; மேயவிட ஏற்ற இடமில்லை.

சவாரிப் பாதை நீளமானது, அழகானது. வெட்டிய மட்டைகளை அடுக்கியிருக்கும் வரிசைக்குள் மட்டும் போகாதீர்கள்: மட்டைமுள் குளம்பின் அடியில் ஏறும், எலி தேடி வரும் நாகம் அங்கேதான் படுத்திருக்கும். இடி முழங்கினால் திறந்த மேட்டிலிருந்து இறங்கிவிடுங்கள்.

கழிப்பறை பரவாயில்லை. பட்டணத்து ஒட்டுக்கடைகளில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. குதிரை ஒன்று நாளுக்கு 15 முதல் 20 கிலோ சாணம் போடும். முகாமில் ஒரே ஒரு தள்ளுவண்டிதான், சனிக்கிழமை காலையில் அதற்கு வரிசை.

வேறு மாநிலத்திலிருந்து வருபவர்கள் கால்நடைச் சேவைத் துறையின் இடமாற்ற அனுமதியை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். முன்பதிவுக்கு அழைக்கும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள்: அந்த வாரம் எந்தத் துண்டில் மருந்தடிக்கிறார்கள், மாடு எந்தத் துண்டில் மேய்கிறது. மாட்டைத் துண்டு துண்டாகச் சுற்றி மேய்ப்பதால், ஆற்றங்கரைப் பக்கம் போயிருக்கும் வாரங்களில் மேற்கு அறைகளைக்கூடத் தயங்காமல் எடுக்கலாம்.