ரிவிஷன் பட்டனும் 14 நாள் கடிகாரமும்: ஃப்ரீலான்ஸ் எழுத்துத் தளங்கள், நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

ஆன்லைனில் எழுதிச் சம்பாதிக்க எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: அப்வொர்க்கில் ஒரு ப்ரொஃபைல், ஃபைவரில் ஒரு கிக் (நாம் விற்கும் சேவையின் விளம்பரப் பக்கம்), கையில் மூன்று சாம்பிள். கணக்குத் திறப்பதற்கெல்லாம் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன, அதை விட்டுவிடுகிறேன். நாள்பட இந்தத் தளங்களில் புழங்கினால் கமிஷன் பழகிவிடும், போட்டியும் பழகிவிடும். பழகவே பழகாதது கிளையன்ட் பக்கம் இருக்கும் "திருத்தம் தேவை" பட்டன்.

முதலில் நியாயமாகப் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடலாம். அப்வொர்க்கின் ஃபிக்ஸட் பிரைஸ் வேலையில், அதாவது மொத்தமாக விலை பேசிய வேலையில், கிளையன்ட் மைல்ஸ்டோனுக்கான (வேலையின் ஒரு கட்டத்துக்கான) பணத்தை முன்கூட்டியே எஸ்க்ரோவில், அதாவது இருவருக்கும் நடுவில் பணத்தைப் பிடித்துவைக்கும் கணக்கில், போட்டுவிடுகிறார். எழுதி முடித்து நாம் சப்மிட் கொடுத்ததும் 14 நாள் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். அதற்குள் அவர் வாயே திறக்காவிட்டாலும் பணம் தானாக விடுபடும். இன்னும் 5 நாள் பொறுத்து எடுத்துக்கொள்ளலாம். தளத்துக்கு வெளியே நேரடி கிளையன்ட் என்றால் இன்வாய்ஸில் "நெட் 30" என்று இருக்கும், 30 நாளுக்குள் பணம் தருவார் என்று அர்த்தம். அந்த 30 நாள் முடிந்த பிறகுதான் நினைவூட்டல் மெயில் படலமே தொடங்கும். புதிதாக வருகிறவருக்கு எஸ்க்ரோவைப் போல ஒரு பாதுகாப்பு வேறெங்கும் சுலபத்தில் கிடைக்காது.

சரி, சிக்கலுக்கு வருவோம். கிளையன்ட் திருத்தம் கேட்டால் கடிகாரம் நின்றுவிடும். மறுபடி சப்மிட் செய்தால் முதலிலிருந்து 14 நாள். பதிமூன்றாம் நாள் சாவகாசமாக வந்து "தலைப்பு மட்டும் மாத்துங்க" என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் மாற்றிக் கொடுத்தால் 15-ஆம் நாள், அதன்மேல் 14 சேர்ந்தால் 29, அதன்மேல் 5 சேர்ந்தால் 34. ஒரு தலைப்புக்காக 34 நாள். விதியை யாரும் மீறவில்லை, ஏமாற்றவும் இல்லை. அதனால்தான் எரிச்சல் கூடுதலாக வருகிறது, திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

ஃபைவரில் கணக்கு வேறு. டெலிவரி கொடுத்து 3 நாள் பதில் இல்லையென்றால் ஆர்டர் தானாக முடிந்துவிடும். பிறகு பணம் கைக்கு வர வழக்கமாக 14 நாள், கமிஷன் 20 சதவீதம். எத்தனை ரிவிஷன் என்பதை கிக்கிலேயே எண்ணாகப் போட்டுவிட முடிகிறது. இது பெரிய வசதி. அந்த இடத்தில் புதியவர்கள் கைதவறிப் போடும் வார்த்தை "அன்லிமிடெட்". ஆர்டர் வரட்டும் என்ற ஆசையில் போடுவது, கடைசியில் கழுத்தில் கட்டிய கல்லாகிவிடும்.

கல்லின் எடையைப் பார்க்கலாம். 1000 சொல் கட்டுரை, சொல்லுக்கு 5 சென்ட், மொத்தம் 50 டாலர். அப்வொர்க்கில் 2023 மே முதல் சீராக 10 சதவீதமாக இருந்த கட்டணம் 2025 மே முதல் வேலைக்கு வேலை 0 முதல் 15 சதவீதம் வரை மாறுகிறது. 10 என்றே வைத்தால் மிச்சம் 45. தகவல் திரட்ட 2 மணி நேரம், எழுத 3, செப்பனிட 1 என்றால் மணிக்கு ஏழரை டாலர். ஒன்றரை மணி நேரம் பிடிக்கும் ரிவிஷன் இரண்டு வந்தால் 9 மணி நேரம், மணிக்கு 5 டாலர். இதில் கனெக்ட்ஸ், அதாவது அப்வொர்க்கில் வேலைக்கு விண்ணப்பிக்கக் காசு கொடுத்து வாங்கும் டோக்கன்கள், அந்தச் செலவு சேரவில்லை. ஒரு கனெக்ட் 15 சென்ட். ஒரு ப்ரொபோசலுக்கு (விண்ணப்பத்துக்கு) 12 கனெக்ட் போட்டு, பத்தில் ஒன்று தேறினால், இந்த ஒரு வேலையைப் பிடிக்கவே 18 டாலர் போயிருக்கும். ஆக மிஞ்சுவது மணிக்கு 3 டாலர். சொல்லுக்கு எவ்வளவு என்று பேரம் பேசுவதில் காட்டும் அக்கறையை ரிவிஷனில் காட்டாததன் விலை இது.

ஆகவே ஒரு "ரவுண்ட்" என்றால் என்ன என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே எழுதி வாங்குங்கள். வரைவு கொடுத்து 7 நாளுக்குள், எல்லாக் கருத்தும் ஒரே பட்டியலாக, முதலில் கொடுத்த பிரீஃபுக்குள் (என்ன வேண்டும் என்று கிளையன்ட் எழுதித் தந்த குறிப்புக்குள்) அடங்கியதாக வந்தால் அது ஒரு ரவுண்ட். இப்படி இரண்டு, விலையிலேயே அடக்கம். எழுதும் விஷயம், கீவேர்ட், யாருக்காக எழுதுகிறோம் என்பது, இவற்றில் எது மாறினாலும் புது வேலை, புது மைல்ஸ்டோன். "ஒரே பட்டியலாக" என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மார்க்கெட்டிங் ஆள் திங்கட்கிழமை ஒன்று சொல்வார், முதலாளி வியாழக்கிழமை அதற்கு நேர்மாறாகச் சொல்வார்.

இனி அந்தப் புகழ்பெற்ற கமென்ட்: "எல்லாம் ஓகே, இன்னும் கொஞ்சம் உயிரோட்டமா இருந்தா நல்லாயிருக்கும்." இதைப் பார்த்ததும் கட்டுரை முழுவதையும் பிரித்து மேயக் கூடாது. பெரும்பாலும் பிரச்சினை முதல் 150 சொல்லில் இருக்கும். வரலாறு, முன்னுரை, "இன்றைய வேகமான உலகில்" வகையறா எல்லாம் அங்கேதான் குடியிருக்கும். இல்லையென்றால் அவர்களுடைய தளம் வாசகரோடு "நீங்கள்" என்று நேராகப் பேசும், நம் கட்டுரை யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிப் பேசும். முதல் பத்தியை மட்டும் இரண்டு விதமாக எழுதி அனுப்பி, "இதில் எது உங்களுக்கு ஒத்து வருகிறது?" என்று கேளுங்கள். இருபது நிமிட வேலை. அவர் ஒன்றைத் தொட்டுக் காட்டிவிட்டால் மீதியை எப்படி மாற்றுவது என்று தெரிந்துவிடும்.

வேறு சில சறுக்கல்கள். அப்வொர்க்கில் கூகுள் டாக்ஸ் லிங்க்கை மெசேஜில் அனுப்பிவிட்டு சப்மிட் பட்டனை மறந்தால் கடிகாரம் ஓடவே ஓடாது. எஸ்க்ரோவில் பணம் ஏறாமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். மணிக்கணக்கு வேலையில் அப்வொர்க்கின் டிராக்கர் (நேரத்தைப் பதியும் மென்பொருள்) 10 நிமிடத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்கும், கீபோர்டு அசைவையும் கணக்கெடுக்கும். கன்னத்தில் கைவைத்து யோசிப்பதும் எழுத்து வேலைதான் என்பது அதற்கு எங்கே தெரியப்போகிறது.

எதிர்பாராத சந்தோஷம் தளங்களுக்கு வெளியே இருந்தது: கூகுள் டாக்ஸின் வெர்ஷன் ஹிஸ்டரி, அதாவது ஆவணத்தில் எப்போது என்ன மாறியது என்ற பதிவு. ஃபைல் மெனுவில் போய், ஒவ்வொரு முறை அனுப்பும் முன்பும் "வரைவு 1, அனுப்பியது", "ரவுண்ட் 1 முடிந்தது" என்று பெயரிட்டு வையுங்கள். "இதை நான் கேட்கவே இல்லையே" என்று யாராவது சொன்னால் சண்டை போட வேண்டாம், தேதியோடு காட்டினால் போதும். கிளையன்டுக்குக் கமென்டர் அனுமதி மட்டும் கொடுங்கள். அவர் கைவைக்கும் இடமெல்லாம் சஜஷனாக நிற்கும், நம் வரி ஓசையில்லாமல் காணாமல் போகாது.

ஏஐ எழுதியதா என்று பார்க்கும் ஏஐ டிடெக்டர் சிவப்புக் காட்டுகிறது என்று கிளையன்ட் பணத்தை நிறுத்தும்போதும் இந்த ஹிஸ்டரிதான் கைகொடுக்கும். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ தன் சொந்த டிடெக்டரையே 2023 ஜனவரியில் விட்டு, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் திரும்ப எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 7 டிடெக்டர்களைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு ஏஐ முத்திரை விழுந்தது. இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருப்பதைவிட, வரி வரியாக வளர்ந்த ஹிஸ்டரியைக் காட்டுவது சுலபம். ஆனால் வேறெங்கோ எழுதி ஒட்டினால் ஹிஸ்டரியில் ஒரே ஒரு பேஸ்ட்தான் தெரியும். "மேக் எ காப்பி" போட்டால் பழைய ஹிஸ்டரி கூட வராது. எடிட் அனுமதி இல்லாதவருக்கு ஹிஸ்டரி தெரியவே தெரியாது, ஸ்கிரீனைப் பகிர்ந்துதான் காட்ட வேண்டும்.

தீர்ப்பு? எஸ்க்ரோவுக்காக முழு மதிப்பெண் கொடுத்திருக்க வேண்டும். ஆனாலும் ஐந்துக்கு இரண்டரைதான் கொடுக்க மனசு வருகிறது. நல்ல ரிவ்யூ ஐந்தாறு சேரும்வரை இருங்கள், பிறகு வெளியே பாதித் தொகை முன்பணமாகத் தரும் கிளையன்டைத் தேடுங்கள். இந்தத் தளங்களில் அறிமுகமானவரை மட்டும் வெளியே இழுக்காதீர்கள், அப்வொர்க்கில் அதற்கு 2 ஆண்டுத் தடை உண்டு. நாளைக்கே ஒரு வேலை திருத்தமே இல்லாமல் அப்ரூவ் ஆனால் இந்த இரண்டரை நான்காகலாம், அதற்கு நான் பொறுப்பில்லை.