குறிப்புகளுக்கு ஒரே கோப்பா, பல கோப்புகளா: பத்தாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல் பயிரிடும் நான், 2015ஆம் ஆண்டுக் கார் (முதல் போக) சாகுபடி தொடங்கிய நாளிலிருந்து வயல் வேலை, வீட்டுக் காரியம், வரவு செலவு எல்லாவற்றையும் கணினியில் எழுதி வருகிறேன். முதல் ஐந்து ஆண்டுகள் எல்லாம் ஒரே உரைக்கோப்பில் இருந்தன. பிறகு பொருள்வாரியாக இருபத்தேழு கோப்புகளாகப் பிரித்தேன். 2024 தை மாதத்தில் அவற்றை மீண்டும் ஒன்றாக்கினேன்.

முதலில் பிரித்ததற்குக் காரணம் தேடல்தான். தமிழில் சொல் உருமாறிக்கொண்டே இருப்பதால், "குளம்" என்று தேடினால் "குளத்தில்", "குளத்து மடை" என்று எழுதியவை அகப்படுவதில்லை. "குள" என்று சுருக்கினாலோ, உயிர்க்குறி எழுத்துக்குப் பின்னால் தனிக் குறியீடாகச் சேமிக்கப்படுவதால், "குளிர்", "குளித்தான்" எல்லாம் சேர்ந்து வந்து குவிகின்றன. இதைவிட நுட்பமான தொல்லை ஒன்றும் உண்டு. "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது, ஆனால் எளிய செயலிகள் பல அவற்றை இரு வேறு சொற்களாகவே கருதுகின்றன. பழைய விசைப்பலகையில் எழுதிய "கொள்முதல்" குறிப்புகள் இதனால் ஆண்டுக்கணக்கில் என் கண்ணில் படவே இல்லை. கோப்பும் பெருத்தது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் "கு" என்ற ஓரெழுத்துக்கே ஆறு பைட் ஆகிறது. மூன்று எம்பியைத் தாண்டியதும் என் கைபேசி அதைத் திறக்கத் திணறியது.

பிரித்தவுடன் கைபேசி விரைவாகத் திறந்தது, தலைப்பைப் பார்த்தே வேண்டிய கோப்பை எடுக்கவும் முடிந்தது. ஆனால் எழுத உட்காரும்போதெல்லாம் ஒரு தயக்கம் வந்தது: பாபநாசம் அணையின் மட்டத்தைப் பார்த்து நாற்றுப் பாவுவதைத் தள்ளிவைத்தேன் என்ற ஒரு வரி அணைக் கோப்பில் சேருமா, பயிர்க் கோப்பில் சேருமா?

அந்தத் தயக்கத்தின் முழு விலையை 2023 டிசம்பரில்தான் உணர்ந்தேன். 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்தப் பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டது. எங்கள் பிசான (இரண்டாம் போக) நடவும் மூழ்கியது. நிவாரண விண்ணப்பத்துக்காக, வயலில் நீர் ஏறிய நாள், வடிந்த நாள், அதுவரை செய்த செலவு ஆகியவற்றை எடுக்க முயன்றபோது, ஒரே நாளின் செய்தி நான்கு கோப்புகளில் சிதறிக் கிடந்தது. ஒன்றை ஒட்டி மற்றொன்று நடந்த வரிசையை நானே என் நினைவிலிருந்து மீட்க வேண்டியதாயிற்று. நினைவை நம்ப வேண்டாம் என்றுதானே எழுதவே தொடங்கினேன்!

நாள்களை 2023-12-18 என ஆண்டை முன்வைத்தே எழுதியிருந்ததால் ஒன்றுசேர்த்து வரிசைப்படுத்துவது எளிதாயிற்று. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளைச் சிறு நிரல் ஒன்றால் ஒரே வகைக்கு மாற்றினேன். இப்போது ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் "#குளம்", "#மடை", "#உரம்" என்று வேற்றுமை உருபு ஏறாத சொல்லை இடுகிறேன். தேடல் அதைக் கொண்டே நடக்கிறது. கைபேசியில் நடப்பு ஆண்டின் பகுதியை மட்டும் வைத்திருக்கிறேன்.

ஒரே கோப்பில் ஆபத்தும் உண்டு. முன்பு கணினியிலும் கைபேசியிலும் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருந்து, பழைய வடிவம் புதியதன்மேல் பதிந்து, பத்தொன்பது நாள் குறிப்புகளை இழந்தேன். சிறு கோப்பாக இருந்திருந்தால் இழப்பும் சிறிதாக இருந்திருக்கும். அதனால் இரவுதோறும் தேதியிட்ட நகல் எடுக்கிறேன். சர்வே எண்கள், விதை ரகங்கள், அம்மாவின் மருந்துகள் ஆகிய மூன்றும் மட்டும் தனிக் கோப்புகளில் இருக்கின்றன. அவை நாள்தோறும் வளர்பவை அல்ல, அவ்வப்போது அழித்துத் திருத்தப்படுபவை.

புதிதாகத் தொடங்குபவர்கள் குறிச்சொல்லை முதல் நாளிலிருந்தே இட்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பழைய குறிப்புகளுக்கு அவற்றைச் சேர்க்க உட்கார்ந்த எனக்கு 2015 முதல் 2017 வரை முடிக்கவே ஒரு கார் பருவம் ஆயிற்று. 2018 இன்னும் பாக்கி இருக்கிறது.