அதே கவிதை, ரெண்டு ஆல்பம்: கில் ஸ்காட்-ஹெரான்

அமெரிக்கக் கவிஞர், பாடகர் கில் ஸ்காட்-ஹெரானை இதுவரைக்கும் கேட்காதவங்க 1970ல வந்த முதல் ஆல்பத்துல இருந்து ஆரம்பிங்க, பெரும்பாலும் கையால தட்டுற கொங்கா, பாங்கோ தாளம் மட்டும்தான், அதுக்கு மேல மனுஷன் நின்னு பேசுறாரு, அவ்ளோ கோபம் அந்தக் குரல்ல. அதுல புரட்சியை டிவில காட்ட மாட்டாங்கன்னு ஒரு கவிதை வரும், அதையே 1971ல 'பீசஸ் ஆஃப் எ மேன்' ஆல்பத்துல ஃபுல் பேண்டோட திரும்ப பண்ணிருக்காரு. பேஸ்ங்கிற கனமான தாழ்ந்த ஒலி தர்ற தந்தி வாத்தியம் வாசிச்சது ரான் கார்ட்டர், புல்லாங்குழல் ஹூபர்ட் லாஸ்! கிட்டத்தட்ட அதே வரிதான், ஆனா பேஸ் உள்ள வந்ததும் கவிதைக்கே ஒரு நடை வந்துடுது, குரலும் பேஸும் ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டே போகுது, அந்த இடம்தான் எனக்கு உயிர். மியூசிக் ஜாஸ்தியானா கவிதை செத்துடும்னு நினைச்சிட்டு இருந்தேன், இதுல ஒரு வார்த்தையக்கூட முழுங்கல. ஹெட்போன்ல கேளுங்க ப்ளீஸ்.