"யாரும் ஆடாத ஆட்டம் சார்" என்று ஒருவர் அழைத்தால் கொஞ்சம் நில்லுங்கள்

கேசினோ சுற்றுலாவுக்குப் பணம் கட்டிப் போய் ஏமாந்த கதை இது. ஆட்டத்தில் தோற்றதைச் சொல்லிப் புலம்ப வரவில்லை. ஒரு தொகையை ஒதுக்கி, போனால் போகட்டும் என்றுதான் கிளம்பினேன். அதை என்னிடமிருந்து கறந்த விதம்தான் இன்னும் உறுத்துகிறது.

ஏற்பாட்டாளர் சொன்னது இதுதான்: ரூலெட்டும் பிளாக்ஜாக்கும் எல்லாரும் ஆடுவது, பலருக்குத் தெரியாத ஆட்டங்களைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவோம், கட்டணத்தில் பாதிக்குச் சமமான சிப் (மேஜையில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லை) இலவசம். புது ஆட்டம் என்றால் எனக்கு எப்போதும் ஒரு சபலம். நண்பனையும் இழுத்துக்கொண்டு போனேன். "மச்சான், சும்மா தர்றேன்னு சொல்றவன் நம்மளவிட நல்லா கணக்குப் போட்டிருப்பான்" என்று அவன் வழியிலேயே சொன்னான். கேட்டிருக்கலாம்.

கையில் வந்த இலவச சிப்பின் நிறமே வேறு. கவுன்டரில் கொடுத்துப் பணமாக மாற்ற முடியாது, பந்தயம்தான் கட்டலாம். அதுவும் ஒன்றுக்கு ஒன்று, அதாவது கட்டிய அளவே லாபம் தரும் கட்டத்தில் மட்டும், ஒரே ஒரு முறை. ஜெயித்தாலும் அந்தச் சிப்பை மேஜையை நடத்தும் டீலர் எடுத்துக்கொள்வார், ஜெயித்த தொகை மட்டும் நமக்கு. கணக்குப் பார்த்தால் 100 என்று அச்சிட்ட சிப்பின் உண்மையான மதிப்பு 50கூட இல்லை. இந்த நிபந்தனையெல்லாம் நான் கையெழுத்துப் போட்ட தாளின் பின்பக்கத்தில் இருந்தது. அதைப் படிக்காதது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் உட்கார வைத்தது சிக் போ மேஜையில். மூன்று பகடையைக் குலுக்குவார்கள். கூட்டுத்தொகை 4 முதல் 10 வரை வந்தால் சின்னது, 11 முதல் 17 வரை பெரியது. மூன்றிலும் ஒரே எண் விழுந்தால் இரண்டு பக்கமும் தோல்வி. இந்தச் சின்னது-பெரியது பந்தயம் உண்மையிலேயே மோசமில்லை. 100 கட்டினால் சராசரியாக 2.78தான் கேசினோவுக்கு. ஒற்றைப் பூஜ்யம் உள்ள ரூலெட்டிலும் ஏறக்குறைய அதே அளவுதான். அங்கேயே இருந்திருந்தால் இந்தப் பதிவு வந்திருக்காது.

ஆனால் இலவச சிப் தீர்ந்ததும் ஏற்பாட்டாளர் என் காதருகே குனிந்தார். "அது சின்னப் பசங்க கட்டம் சார். மூணும் ஆறு விழுந்தா 150 மடங்கு. ரூலெட்ல ஒரே நம்பர்ல கட்டினாலும் 35தான்." கேட்க எவ்வளவு இனிப்பாக இருக்கிறது! மூன்று பகடை விழும் விதங்கள் மொத்தம் 216. அதில் மூன்றும் ஆறாக வருவது ஒன்றே ஒன்று. 150 மடங்கு கொடுத்தால் 100க்கு 30 அவர்களுக்கு. அதே பந்தயத்துக்கு 180 மடங்கு தரும் மேஜைகளும் உண்டு, அங்கேயே இழப்பு 16 வரை வரும். என் சொந்தப் பணத்தில் பெரும்பகுதி போனது அந்தக் கட்டத்தில்தான்.

அடுத்து கேசினோ வார். ஆளுக்கு ஒரு சீட்டு, பெரிய சீட்டுக்கு ஜெயம். குழந்தைக்கும் புரியும். இரண்டும் சமமாக விழுந்தால் பாதிப் பந்தயத்தை விட்டுவிட்டு விலகலாம், அல்லது 'போர்' செய்யலாம், அதாவது மறுபடி சீட்டுப் போட்டு மோதலாம். போருக்கு இன்னொரு மடங்கு வைக்க வேண்டும். தோற்றால் இரண்டும் போகும். ஜெயித்தாலோ இரண்டாவதுக்கு மட்டும்தான் பணம், முதலில் வைத்தது அப்படியே திரும்பி வரும். இது எனக்குப் புரியவே நாலு போர் ஆயிற்று! அவர் சொல்லித் தந்ததெல்லாம் 'சமம்' என்ற தனிக் கட்டத்தில் கட்டச் சொன்னதுதான். பத்து மடங்கு கிடைக்குமாம். ஆறு கட்டுச் சீட்டு வைத்து ஆடும் மேஜையில் அது 100க்கு 18க்கு மேல் தின்னும்.

பெரிய சக்கரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுழற்றிவிட்டு எந்த அறையில் நிற்கும் என்று பந்தயம் கட்டுவது, 54 அறை. எதில் கட்டினாலும் 100க்கு 11க்குக் குறையாமல் போகும், ஜோக்கர் அறையில் 24 வரைகூட. விளக்கும் சத்தமும் நன்றாக இருக்கும்.

எனக்கு அதிகக் கோபம் மூட்டியது த்ரீ கார்டு போக்கர். டெரெக் வெப் 1990களில் உருவாக்கிய ஆட்டம், நல்ல ஆட்டமும்கூட. அதில் 'பேர் பிளஸ்' என்று ஒரு பந்தயம். டீலர் கையில் என்ன இருந்தாலும் கவலையில்லை, நமக்கு ஜோடியோ அதற்கு மேலோ வந்தால் பணம். மூன்று சீட்டும் ஒரே சின்னமாக வரும் ஃப்ளஷுக்கு நான்கு மடங்கு தந்தால் 100க்கு இழப்பு 2.3தான். அதையே மூன்று மடங்காக்கினால் இழப்பு 7.3. பரிசுப் பட்டியலின் மற்ற வரிகளில் எந்த மாற்றமும் தேவையில்லை, அந்த ஓர் எண் போதும். என்னை உட்கார வைத்தது மூன்று மடங்கு மேஜையில். நான்கு மடங்கு மேஜை அதே கூடத்தின் அந்தக் கோடியில் இருந்ததை மறுநாள் என் நண்பன் காட்டினான்.

அவன் அன்று மாலையே எங்களை விட்டு நழுவிவிட்டான். பாய் கவ் போக்கர் மேஜையில் ஏழு சீட்டு வாங்கி, ஐந்தும் இரண்டுமாக இரண்டு கையாகப் பிரித்து நிதானமாக ஆடிக்கொண்டிருந்தான். இரண்டு கையும் டீலரின் கைகளை ஜெயித்தால்தான் ஜெயம், இரண்டும் தோற்றால்தான் தோல்வி. ஒன்று ஜெயித்து ஒன்று தோற்றால் பணம் அப்படியே நிற்கும். பத்துக்கு நான்கு ஆட்டம் இப்படித்தான் முடியும். ஜெயித்தால் 5 சதவீதம் கழித்துக்கொள்வார்கள், ஆனாலும் கைப்பணம் மெதுவாகத்தான் கரையும். நான் என் சிப்பை மூன்று மேஜையில் கரைத்துவிட்டு வந்தபோது அவனிடம் ஏறக்குறைய முழுதும் இருந்தது. இதைப் பற்றி நம் 'ஆசிரியரிடம்' முன்பே கேட்டிருந்தேன். "அது சீனர்களோட டொமினோ கட்டை சார், உங்களுக்குப் புரியாது" என்றார். கட்டையில் ஆடும் பாய் கவ் வேறு. இது 1980களில் கலிஃபோர்னியாவில் சீட்டுக்கு மாற்றிய ஆட்டம். தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆள் கூட்டி வருபவர்களுக்கு, வந்தவர்கள் எவ்வளவு கட்டுகிறார்கள் அல்லது எவ்வளவு தோற்கிறார்கள் என்பதை வைத்துக் கமிஷன் தருவது இந்தத் தொழிலில் சகஜம்.

ஊர் திரும்பியதும் சொல்லித் தருவதாக வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கேட்டேன். "நீங்களே விரும்பித்தானே சார் கட்டினீங்க?" என்று ஒரு பதில். இரண்டு நாள் கழித்து, அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடி தருவதாக இன்னொன்று. இரண்டுக்கும் நான் பதில் போடவில்லை. இதே மாதிரி அழைப்பு உங்களுக்கு வந்தால், பணம் கட்டுவதற்கு முன் இரண்டு விஷயம் கேளுங்கள்: உட்கார வைக்கப்போகும் மேஜைகளில் எதற்கு எத்தனை மடங்கு, இலவச சிப்பை எந்தக் கட்டத்தில் எத்தனை முறை வைக்கலாம். இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையாக அவர் என்னிடமும் எல்லாம் அழகாகத்தான் சொன்னார்.