டர்பன் வாடகைத் தீர்ப்பாயம்: காகிதம் கையில் இருந்தால் பலன் உண்டு

கூரை ஒழுகினாலும் கீசர் வெடித்தாலும் "பார்க்கலாம்" என்றே சொல்லும் வீட்டுக்காரர் மீது வக்கீல் இல்லாமல் புகார் கொடுக்க, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிவாசிகளுக்கு இருப்பது குவாசுலு-நட்டால் மாகாண வாடகை வீட்டுத் தீர்ப்பாயம். 1999-ஆம் ஆண்டின் 50-ஆம் எண் வாடகை வீட்டுச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. கட்டணம் கிடையாது.

இந்தச் சேவையின் உயிர்நாடி அந்தச் சட்டத்தின் 13(7) பிரிவு. புகார் பதிவான நாள் முதல் தீர்ப்பு வரும்வரை, அல்லது மூன்று மாதம்வரை, எது முந்துகிறதோ அதுவரை வீட்டுக்காரர் உங்களை வெளியேற்ற முடியாது. அவசியமான பராமரிப்பையும் அவர் செய்தாக வேண்டும். பதிலுக்கு நீங்கள் வாடகையைத் தொடர்ந்து கட்ட வேண்டும். புகாருக்குச் சற்றுமுன் வாடகையை ஏற்றியிருந்தால், ஏற்றத்துக்கு முந்தைய தொகை போதும். பலர் சறுக்குவது இங்கேதான். கோபத்தில் வாடகையை நிறுத்திவிடுகிறார்கள். பேச்சு பழுதை விட்டுப் பாக்கிக்குப் போய்விடுகிறது.

புகாரோடு வாடகை ஒப்பந்தம், அடையாள அட்டை நகல், பணம் கட்டிய ரசீதுகள், வீட்டுக்காரருக்கு எழுத்தில் கொடுத்த நோட்டீஸ் எல்லாம் வேண்டும். எந்த அறை, என்ன பழுது, முதலில் எப்போது சொன்னோம் என்று நோட்டீஸில் தேதியோடு இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தால் அதையும் அச்செடுத்து வையுங்கள்.

ஈரப் புகார்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. "ஜன்னலைத் திறப்பதில்லை, அதனால்தான் பூசணம்" என்பது வீட்டுக்காரர்களின் வழக்கமான பதில். கூரை ஒழுகலின் கறை பழுப்பு விளிம்போடு, மழைக்குப் பின் பெரிதாகும். காற்றோட்டக் குறைவால் வரும் பூசணம் மூலைகளிலும் அலமாரிக்குப் பின்னாலும் கறுப்புப் புள்ளிகளாகப் படரும். ஒரே இடத்தை மழைக்கு முன்னும் பின்னும் படமெடுத்தால் அந்தப் பதில் எடுபடாது.

குடிபுகும் முன் இருவரும் சேர்ந்து வீட்டைப் பார்த்து, குறைகளை எழுதி ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும். காலி செய்யும்போதும், ஒப்பந்தம் முடியும் முன்னான மூன்று நாளுக்குள், இதே சோதனை உண்டு. வீட்டுக்காரர் அதைச் செய்யாவிட்டால் வீடு நல்ல நிலையில் இருந்ததாக அவரே ஒப்புக்கொண்டதாகிறது. பாக்கி எதுவும் இல்லையென்றால் டெபாசிட் வட்டியோடு ஏழு நாளில் திரும்ப வேண்டும்.

குறைகளும் உண்டு. முதலில் சமரசம், பிறகுதான் விசாரணை. இன்றிரவு கூரை ஒழுகுகிறது என்பவருக்கு இது உதவாது. தீர்ப்புக்கு மாஜிஸ்திரேட் கோர்ட் உத்தரவின் மதிப்பு உண்டு, ஆனால் வீட்டுக்காரர் அசையாவிட்டால் அதை நிறைவேற்ற மேலும் நீங்கள்தான் அலைய வேண்டும். தீர்ப்பே பிடிக்கவில்லை என்றால் மறுஆய்வுக்கு உயர்நீதிமன்றம். அங்கே செலவு ஆரம்பம். வீட்டுக்காரர் தண்ணீர், மின்சாரத்தைச் சட்டவிரோதமாக வெட்டுவதும், குடியிருப்பவரை உள்ளே விடாமல் வீட்டைப் பூட்டுவதும் தனிக் குற்றம். இரண்டு வருடம்வரை சிறை உண்டு.

பின்கட்டு அறையை உறவுக்காரரிடமோ கோயிலில் பார்க்கும் தெரிந்தவரிடமோ வாய்ப்பேச்சில் எடுத்தவர்கள் நம்மிடையே அதிகம். அந்த வாடகையும் செல்லும். நீங்கள் கேட்டால் ஒப்பந்தத்தை அவர் எழுதித் தர வேண்டும். புகார் கொடுக்குமுன் இதைக் கேட்டுவிடுங்கள்.

இந்தச் சேவைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. கடை, பட்டறை வாடகைக்கு எடுத்தவர்கள் இங்கே வர வேண்டாம், இது குடியிருப்புக்கு மட்டும்.