ஜப்பானியத் தையல் இதழ்களுக்கு ஆண்டுச் சந்தா: பணம் கட்டும் முன் ஓர் எச்சரிக்கை

ஜெர்மனியில் இருந்துகொண்டு ஜப்பானியத் தையல் இதழ்களை இணையத்தில் வரவழைப்பவர்கள், குறிப்பாக ஆண்டுச் சந்தாவை மொத்தமாக முன்பணமாகக் கேட்கும் விற்பனையாளர்களிடம் வாங்க நினைப்பவர்கள், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிட வேண்டுகிறேன். பருவத்துக்கு ஒன்றாக ஆண்டுக்கு நான்கு முறை வெளிவரும் ஓர் இதழுக்கு 2025 ஜனவரியில் சந்தா கட்டினேன். குளிர்கால இதழ் குறையின்றி வந்தது. வசந்தகால இதழுக்குப் பதிலாக முந்தைய ஆண்டின் இதழ் வந்தது. கோடை இதழில் பேட்டர்ன் தாளே இல்லை. இலையுதிர்கால இதழ் வந்து சேரவேயில்லை.

பேட்டர்ன் தாள் இல்லையென்றால் இத்தகைய இதழால் பயன் ஏதுமில்லை. நடுவில் மடித்து வைக்கப்படும் அந்தப் பெரிய தாளின் இருபுறமும் பல உடைகளின் வெட்டுக் கோடுகள், அசல் அளவிலேயே, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சாகியிருக்கும். நமக்கு வேண்டிய கோட்டை மட்டும் மெல்லிய தாளில் பிரதியெடுத்து, தையலுக்கு விட வேண்டிய துணியைச் சுற்றிலும் சேர்த்து வெட்டிக்கொள்ள வேண்டும். மொழி தெரியாதவர்கள்கூடப் படங்களையும் எண்களையும் வைத்துக்கொண்டு தைத்துவிட முடிகிறது என்பதால்தான் இவ்வளவு தொலைவிலிருந்து நாம் இவற்றைத் தேடி வாங்குகிறோம். எனக்கு வந்த பிரதியின் செய்முறைப் பக்கங்கள் ஒவ்வொன்றும் தாளின் ஏ புறத்தையோ பி புறத்தையோ பார்க்கச் சொல்லின. தாள் இருந்த இடத்திலோ, பசையோடு ஒட்டியிருந்த கிழிந்த விளிம்பு மட்டுமே எஞ்சியிருந்தது. யாரோ பயன்படுத்திய பிரதியைத்தான் புதியது என்று விற்றிருக்கிறார்கள்.

பழைய இதழைப் புதியதாகக் காட்டிய விதம் இன்னும் மோசமானது. பருவ இதழ்களின் அட்டையில் பருவத்தின் பெயர் பெரிதாகவும் ஆண்டு சிறிதாகவும் இருக்கும்; எனக்கு வந்ததில் அந்த ஆண்டின் மேலேயே கடையின் விலைச்சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. உண்மையைக் காட்டிக்கொடுத்தது பின் அட்டையின் பார்கோடு. ஜப்பானிய இதழ்களின் 13 இலக்க எண் 491 என்று தொடங்கும். அதன்பின் ஓர் உதிரி இலக்கம், இதழுக்குரிய ஐந்து இலக்கங்கள், மாதத்தைக் குறிக்கும் இரண்டு இலக்கங்கள், ஆண்டின் கடைசி இலக்கம், முடிவில் சரிபார்ப்பு இலக்கம் என்று அமையும். எனவே 2025ஆம் ஆண்டின் இதழில் பன்னிரண்டாவது இலக்கம் 5 ஆக இருக்க வேண்டும். என் பிரதியில் 4 இருந்தது. வாங்கும் முன் முன் அட்டையின் படத்தோடு திருப்தியடையாமல், பின் அட்டையின் படத்தையும் விரித்த பேட்டர்ன் தாளின் படத்தையும் கேளுங்கள். படம் அனுப்ப மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

வரியிலும் ஏமாற்று இருந்தது. 2021 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரும் சிறிய பொதிகளுக்கும் இறக்குமதி மதிப்புக்கூட்டு வரி உண்டு. 150 யூரோ வரையிலான பொதிகளுக்கு ஐ.ஓ.எஸ்.எஸ். என்ற ஐரோப்பிய ஒன்றிய வரிப் பதிவு முறையில் பதிவுசெய்த விற்பனையாளர் அந்த வரியை விற்கும்போதே வசூலித்துக்கொள்ளலாம். இவரும் வரி என்று சொல்லி 19 சதவீதம் பிடித்தார். ஜெர்மனியில் இதழ்களுக்கு 7 சதவீதம்தான். அதோடு, பொதியின் விவரங்களில் அந்தப் பதிவின் எண்ணே இல்லாததால், தபால்காரர் வாசலில் நின்று வரியை மீண்டும் கேட்டார். வரியைவிட அதிகமான கையாளும் கட்டணத்தையும் சேர்த்தே கட்ட வேண்டியிருந்தது. இப்படி நேர்ந்தால் அஞ்சலகத்தின் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பழைய இதழைப் பற்றிக் கேட்டபோது, சரியான பிரதியை அடுத்த இதழோடு சேர்த்து அனுப்புவதாக மிகுந்த மரியாதையுடன் பதில் வந்தது. அந்த மரியாதைக்கும் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. நான் பணம் கட்டிய இணையப் பணச் சேவையான பேபாலில், பணம் செலுத்திய நாளிலிருந்து 180 நாட்களுக்குள் முறையிட வேண்டும். பருவ இதழின் ஆண்டுச் சந்தாவில் பிற்பாதி இதழ்கள் வருவதற்குள் அந்தக் காலம் முடிந்துவிடுகிறது. தாள் இல்லாத கோடை இதழ் என் கைக்கு வந்தபோது கெடு கடந்திருந்தது. அதன்பின் அவருடைய தொனியே மாறியது: ஐரோப்பியச் சட்டப்படி இதழ்களைத் திருப்பி அனுப்ப முடியாது என்றார். இது பாதி உண்மை. காரணம் சொல்லாமலே 14 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை தனி இதழ்களுக்கு இல்லை என்பது சரி. சந்தா ஒப்பந்தங்களுக்கு அந்த விலக்கு பொருந்தாது. குறையுள்ள பொருளுக்கு மாற்றோ பணமோ கேட்கும் உரிமை தனி இதழுக்கும் உண்டு.

ஆகவே ஒரு நேரத்தில் ஓர் இதழுக்கு மட்டும் பணம் கொடுங்கள். ஜப்பானில் இதழ்களின் விலையைப் பதிப்பகமே நிர்ணயிக்கிறது. அது அட்டையிலேயே அச்சாகியிருப்பதால், விற்பனையாளர் எவ்வளவு கூட்டிச் சொல்கிறார் என்பதை எளிதில் ஒப்பிட்டுக்கொள்ளலாம். டிஜிட்டல் பதிப்பு மலிவானதுதான். ஆனால் பெரும்பாலும் அதில் பேட்டர்ன் தாள் இருக்காது. டுசெல்டார்ஃப் பக்கம் போகிறவர்கள் இம்மர்மன் தெருவையொட்டிய ஜப்பானியக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். நேரில் வாங்கினால் பணம் கொடுக்கும் முன்பே தாள் இருக்கிறதா என்று சரிபார்க்க முடியும். விற்பனையாளரின் முகவரி வேறோர் ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் இருந்தால், கேல் நகரில் உள்ள ஐரோப்பிய நுகர்வோர் மையம் கட்டணமின்றி உதவுகிறது. என் விற்பனையாளர் பொதிகளை ஜப்பானிலிருந்து அனுப்பினாலும் நெதர்லாந்து முகவரியைக் கொடுத்திருந்ததால், என் புகாரை அங்கே பதிவு செய்திருக்கிறேன். மூன்று இதழ்களுக்கான பணம் இன்னும் வரவில்லை.