ஃபோர்டு கிரவுன் விக்டோரியா: எந்த வருஷத்து வண்டி வாங்கலாம்?

கிரவுன் விக்டோரியா ஃபோர்டின் பெரிய அமெரிக்கக் கார். 1998 முதல் 2011 வரை வந்த கிரவுன் விக்டோரியாக்களை வரிசையாக நிறுத்தினால் பலருக்கும் எல்லாம் ஒரே வண்டியாகத்தான் தெரியும். 2002 மாடலையும் 2003 மாடலையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தால், முதல் வளைவிலேயே வித்தியாசம் புரிந்துவிடும். இந்த வண்டியில் பெரிய மாற்றங்கள் எல்லாம் அடியில்தான் நடந்திருக்கின்றன. பழைய வண்டி தேடுபவர் பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன் மாடல் வருஷத்தைப் பார்ப்பது நல்லது.

அடித்தளம் 1979 மாடலில் வந்த பேந்தர் என்ற ஃபோர்டு பிளாட்ஃபார்ம். தனி சேசிஸ், அதன்மேல் பாடி, முன்னால் வி8, பின்சக்கர இயக்கம். கடைசிவரை இது மாறவில்லை. 1991 வரை வந்த பெட்டி வடிவ வண்டிகளை, அந்தத் தோற்றம் பிடித்தவர்கள் மட்டும் வாங்கலாம். 1992 மாடலில் உருண்ட பாடியும், 4.6 லிட்டர் வி8 இன்ஜினும், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்கும் வந்தன. டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். எண்ணெயை ஒழுங்காக மாற்றினால் இந்த இன்ஜின் சளைக்காது. 1992-95 வண்டிகளில் வால்வ் ஸ்டெம் சீல் (எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்காமல் தடுக்கும் சீல்) தேயும். இரவு முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்து சில வினாடிகளில் நின்றுவிட்டால் அதுதான் காரணம். 1996-ல் போட்டி வண்டியான செவர்லே கேப்ரிஸ் உற்பத்தி நின்றுபோனதும் அமெரிக்கப் போலீஸ், டாக்ஸி சந்தை பெரும்பாலும் ஃபோர்டின் கைக்கு வந்தது.

1998-ல் பின் ஆக்ஸிலுக்கு வாட்ஸ் லிங்கேஜ் வந்தது. டிஃபரன்ஷியலின் மேல் சுழலும் ஒரு சின்னக் கை, அதன் இரு முனையிலிருந்தும் சேசிஸுக்கு ஒவ்வொரு கம்பி. குழியில் இறங்கி ஏறும்போது ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் நேர் மேலும் கீழுமாக மட்டுமே அசையும். வளைவின் நடுவில் மேடு வந்தால் பழைய வண்டியின் வால் ஒதுங்கும், இது ஒதுங்காது. பின்னாலிருந்து டொக் டொக் என்று சத்தம் வந்தால் ஷாக் அப்சார்பரை மாற்றுமுன் இந்தக் கையின் நடு போல்ட் தளர்ந்திருக்கிறதா, புஷ் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அதே காலத்து வண்டிகளின் பெரிய பலவீனம் இன்டேக் மேனிஃபோல்ட், அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் பாகம். 1996-2001 வண்டிகளில் இது முழுக்க பிளாஸ்டிக். இன்ஜினின் முன்பக்கம், ஆல்டர்னேட்டருக்குப் பக்கத்தில், கூலன்ட் குறுக்கே போகும் பகுதி சூட்டில் விரிந்து சுருங்கி வெடித்துவிடும். முதலில் லேசாகக் கசியும், கூலன்ட் வாசனை வரும். கவனிக்காமல் விட்டால் ஒருநாள் மொத்தமாகக் கொட்டும். அதற்குப் பிறகும் ஓட்டினால் சிலிண்டர் ஹெட் போய்விடும். வழக்கு வரை போன விஷயம் இது. மாற்று மேனிஃபோல்டில் அந்தக் குறுக்குப் பகுதி அலுமினியம். பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள்: வெள்ளி நிறம் தெரிந்தால் மாற்றியாகிவிட்டது, கறுப்பு பிளாஸ்டிக் என்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள். மாற்றும்போது தெர்மோஸ்டாட், அதன் ஓ-ரிங், கேஸ்கெட், கூலன்ட் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுவதுதான் மிச்சம்.

2003-ல் வந்தது கிட்டத்தட்ட வேறு வண்டி. சேசிஸின் முன்பாகம் ஹைட்ரோஃபார்மிங் முறையில் (திரவ அழுத்தத்தால் குழாயை வடிவமைத்து) செய்த உறுதியான குழாய்ச் சட்டமானது. மிதந்துகொண்டே போகும் பழைய ஸ்டீயரிங் பெட்டி போய், பல்தண்டைப் பற்சக்கரம் நேராக நகர்த்தும் ரேக் அண்டு பினியன் வந்தது. பின் ஷாக் அப்சார்பர்கள் சட்டத்துக்கு வெளியே, சக்கரத்துக்கு அருகில் நகர்ந்தன. ஸ்டீயரிங்கும் பின்பக்கத்தின் கட்டுப்பாடும் ஒரே வருஷத்தில் இவ்வளவு மேம்பட்டது இந்த வண்டியின் வரலாற்றில் வேறு எப்போதும் இல்லை. சக்கரங்களின் ஆஃப்செட்டும் (சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே உட்காரும் என்ற அளவு) மாறியதால் 2002 வரையிலான சக்கரமும் 2003-க்குப் பிந்தையதும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பழுதுபார்க்கும் இடத்தில் போல்ட் துளை ஒன்றுதானே என்று மாட்டிவிட்டால் டயர் ஃபெண்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அல்லது உள்ளே உரசும்.

தனியாருக்கு விற்ற கடைசி மாடல் 2007. அதற்குப் பிறகு போலீஸ், டாக்ஸி போன்று மொத்தமாக வாங்குவோருக்கு மட்டும்தான். என் தேர்வு 2003-2007-க்குள் தனியார் வைத்திருந்த எல்எக்ஸ் என்ற வசதி கூடிய வகை. எல்எக்ஸ் ஸ்போர்ட் கிடைத்தால் இரட்டை சைலன்சரும் 3.27 கியர் விகித ஆக்ஸிலும் சேர்ந்து கிடைக்கும்.

போலீஸ் வண்டி, அதாவது பி71, விலை குறைவு, பாகங்கள் கனம், 2004 முதல் 250 குதிரைத்திறன். ஆனால் மைல் கணக்கை நம்பி வாங்காதீர்கள். 2006 முதல் மீட்டரிலேயே இன்ஜின் ஓடிய மணிக்கணக்கு காட்டும். மைலை அதால் வகுத்துப் பாருங்கள். 1,00,000 மைல், 8,000 மணி என்றால் மணிக்கு 12.5 மைல்தான், நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடியே தேய்ந்த வண்டி. ஒரு மணி நேர ஐட்லிங்கை ஏறக்குறைய 33 மைல் ஓட்டத்துக்குச் சமமாக ஃபோர்டே கணக்கிடுகிறது. மைலும் மணியும் நல்ல விகிதத்தில் இருக்கும் நெடுஞ்சாலை ரோந்து வண்டி கிடைத்தால் விடாதீர்கள்.

கியர் பாக்ஸ் நான்கு ஸ்பீடு ஆட்டோமேட்டிக். 45 மைல் வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தும்போது கரடுமுரடான சாலையில் போவதுபோல் அதிர்ந்தால் இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் பூட்டு (லாக்-அப்) நடுங்குகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் கியர் பாக்ஸின் பழைய எண்ணெய்தான் காரணம். மொத்த அளவு ஏறக்குறைய 14 குவார்ட் (சுமார் 13 லிட்டர்). அடித்தட்டை மட்டும் கழற்றினால் அதில் பாதிகூட வெளியே வராது. எல்லாவற்றையும் வெளியேற்றி, ஃபில்டர் மாற்றி, மெர்கான் வி என்ற கியர் பாக்ஸ் எண்ணெயை ஊற்றினால் பல வண்டிகளில் நடுக்கம் நின்றுவிடும். 2003-க்குப் பிந்தைய இன்ஜினுக்கு 5டபிள்யூ-20 எண்ணெய், ஃபில்டருடன் 6 குவார்ட்.

எல்லா வருஷத்திலும் பெட்ரோல் டேங்க் பின் ஆக்ஸிலுக்குப் பின்னால்தான். நெடுஞ்சாலை ஓரம் நின்ற போலீஸ் வண்டிகளில் பின்னாலிருந்து வேகமாக மோதியபோது தீப்பிடித்து உயிர்கள் போயின. பிறகு ஃபோர்டு பாதுகாப்புத் தகடுகள் தந்தது. பி71 வாங்கினால் அவை மாட்டப்பட்டிருக்கின்றனவா என்று வண்டிக்கு அடியில் போய்ப் பாருங்கள்.

2003-2005 வண்டிகளில் ஹெட்லைட் திடீரென்று அணைந்தால் பல்பை மாற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம். விளக்குகளை இயக்கும் மின்னணுப் பெட்டியான லைட்டிங் கன்ட்ரோல் மாட்யூலில் ஈயப் பற்று விரிசல் விட்டிருக்கும், சூடேறும்போது விட்டுப்போகும். உப்பு தூவும் வட மாநிலங்களில் ஓடிய 2005-2011 வண்டி என்றால், ஸ்டீயரிங்கின் கீழ் இடைத்தண்டு துருப்பிடித்து இறுகும் குறைக்காக 2013-ல் வந்த ரீகால் வேலை முடிந்திருக்கிறதா என்று வின் எண்ணை (வண்டியின் அடையாள எண்) வைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டு பணம் கொடுங்கள்.